பெரட்டுக்களத்தில் கறுப்பையா

2024 நவம்பர் 12ஆம் திகதி காலை, கலஹாவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கில் களைக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்த கறுப்பையா, முதுகில் டாங்கியோடு வாய்க்காலில் விழுந்து இறந்தார். மறுநாள் அடக்கம் நடந்தது.

அடுத்த பெப்ரவரியில் அவருடைய மகள் ஞானேஸ்வரி மரணச் சான்றிதழ் எடுக்கப் போனபோது, அப்படியொரு மரணமே பதியப்பட்டிருக்கவில்லை.

பதிவு அறையில் இருந்த பஹீம் இரண்டு முறை தேடிப் பார்த்துவிட்டார்.

"தங்கச்சி, மௌத்தானவங்கட பேர்தான் எங்கக்கிட்ட ஈக்கிது. உங்கட வாப்பாட பேர் இல்ல."

கைப்பையிலிருந்து பத்திரிகைத் துண்டை எடுத்து மேசையில் வைத்தாள். மரண அறிவித்தல். கலஹா பஸ் நிறுத்தச் சுவரில் ஒட்டிய அதே படம்.

"அப்ப நாங்க யாரப் பொதச்சோம்?"

"கோவப்படாதீங்க. பேப்பர்ல யாரும் போடலாம். தோட்டத்து மௌத்த தோட்டத்தாலதான் அறிவிக்கோணும். நான் தோட்டத்துக்கு போன் போட்டும் கேட்டேன். உங்கட வாப்பா இன்னைக்கும் வேலைக்கு வந்தாராம்." பஹீம் சிரிக்கப் பார்த்தார். "இந்த ஆபீஸ்ல உசிரோட ஈக்கிறவங்களே ஒழுங்கா வாறல்ல."

அவள் பத்திரிகைத் துண்டை எடுத்து மடித்தாள்.

பேராதனையில் பஸ் மாறி மலையேறும்போது கணக்குப் புரிந்தது. மரணம் பதிவானால் விசாரணை வரும். கையுறையும் மாஸ்க்கும் இல்லாமல் அந்த மருந்தை அடிக்க விட்டது யார் என்று கேட்பார்கள். கட்டுகஸ்தோட்டையில் பார்மசி ஒன்றில் நிற்கும் அவளுக்கு நஞ்சு என்றால் என்னவென்று தெரியும். அதனால்தான் அப்பாவைச் சாகவிடாமல் வைத்திருக்கிறார்கள். காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டில் எவனோ ஒருவன் அவர் பெயரில் கை தூக்குகிறான். நாளைக் காலை அவன் சட்டையைப் பிடித்து, எல்லோர் முன்னாலும் கேட்பாள். அப்பா செத்தார் என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைப்பாள்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், அம்மாவின் அறைக்குள் நுழைந்ததும் அந்த மணம் மூக்கில் ஏறியது. மண்ணெண்ணெய் என்று முதலில் நினைத்தாள். இல்லை, அடுப்புப் புகைக்கும் ஈரச் சுவருக்கும் அடியில், அப்பாவின் சட்டையோடு தினமும் வீட்டுக்கு வந்து சோற்றிலும் தலையணையிலும் ஒட்டிக்கொண்ட அதே மருந்து நெடி. இப்போது அதைக் கொண்டுவர இந்த வீட்டில் ஆளில்லை.

"அம்மா, பெரட்டுல அப்பா பேரக் கூப்புடுறாங்களா?"

கலாராணி ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"கூப்புடட்டும்."

"நீங்க ஒண்ணும் கேக்கலையா?"

"நீ டவுனுக்குப் போயிட்ட. நாங்க இந்த லயத்துலதானே கெடக்கணும்." ரொட்டியைத் தட்டில் எடுத்து வைத்து, "நாளைக்கு அங்க வராத புள்ள. வந்தாலும் சத்தம் போட்றாத."

விடிந்தது. மலையிலிருந்து இறங்கிய மூடுபனி பெரட்டுக்களத்தின் மறுபக்கத்தை முழுதாக விழுங்கியிருந்தது. ஈரச் சாக்கும் வெற்றிலையும் மணக்க, கூடைகளைத் தலையில் மாட்டிக்கொண்டு நின்ற பெண்கள் யாரும் யாரோடும் பேசவில்லை, எங்கோ ஒரு நாய் குரைக்கத் தொடங்கிப் பாதியில் விட்டது, அந்த அமைதிக்குள் கணக்கப்பிள்ளை நடராஜா ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் தரையைப் பார்த்தபடியே பதில் சொன்னார்கள்.

"கறுப்பையா!"

ஞானேஸ்வரி முன்னால் போனாள். வாயைத் திறக்குமுன் பனிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"வந்துட்டேங்கையா."

அப்பா மாதிரியே பேசப் பழகியிருக்கிறான். நாய். அவள் குரலை நோக்கி ஓடினாள். கையை நீட்டினாள். சட்டை அகப்படவில்லை. ஈரத் துணி. மண். அதற்கடியில் குளிர்.

கையை இழுத்துக்கொண்டாள்.

வேட்டி. அடக்கத்துக்கு அவள் வாங்கிக் கொடுத்துப் போர்த்திய வேட்டி. முதுகில் டாங்கி. நெற்றியில் காசு வைத்த வட்டம்.

அப்பாவின் கால்கள் சரியாக நடக்கவில்லை. அரை அடி. இன்னும் அரை அடி. தோட்டத்தை நடத்தும் துரை அவசரப்படுத்திப் புதைக்க வைத்ததில், கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிய துணியை அவிழ்க்க எல்லோரும் மறந்திருந்தார்கள்.

"லேட்டு," என்றார் நடராஜா. தலை நிமிரவில்லை. "நாளைக்கும் இப்பிடி வந்தா அரை நாள்தான் போடுவேன்."

"அவரு செத்துட்டாரு!" அவள் கத்தினாள். "எங்கப்பா செத்துட்டாருங்க! ஒங்களுக்குக் கண்ணு தெரியலையா? செத்தவரையும் விட மாட்டீங்களா?"

யாரும் திரும்பவில்லை. கலாராணி வந்து மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சொன்னேன்ல. சத்தம் போட்டா அதுக்கும் அவரத்தான் ஏசுவாங்க."

அப்பா மட்டும் திரும்பினார். கண்கள் இருந்த இடத்தில் செம்மண். ஆனாலும் அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். மகள் முன்னால் ஏச்சு வாங்கும்போது அவர் வைத்துக்கொள்ளும் முகம். வெட்கப்பட்ட முகம். அதைத் தாழ்த்திக்கொண்டு, டாங்கியின் வாரை இழுத்துச் சரிசெய்தார்.

நடராஜா அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

"பவளக்கொடி!"

பிரசவத்தில் போன பெண். அந்த இழவுக்கு ஞானேஸ்வரியும் வந்திருந்தாள்.

"வந்துட்டேங்கையா."

பக்கத்தில் நின்ற ஒருவன் கண்களை இறுக மூடிக்கொண்டான். பனிக்குள் கூடை ஒன்று உரசியது. அதன் பின்னால் இன்னொன்று. இன்னும் பல.

பெயர்கள் கூப்பிட்டு முடிந்தன. அன்று மேற்கணக்கில் எல்லோரும் வேலைக்கு வந்திருந்தார்கள்.