காய்ந்த சுவரில் முள்கரண்டி

ஈரச் சுவரில் முள்கரண்டி ஓடினால் சத்தம் வராது. சாணியும் செம்மண்ணும் குழைத்துப் பூசிய பூச்சு அப்போது வெண்ணெய் மாதிரி வழிவிடும். காதை ஒட்டி வைத்துக் கேட்டாலும் மெல்லிய ஒரு பிசுபிசுப்புதான் இருக்கும். காய்ந்த சுவரில் ஓடினால்தான் கரகரவென்று பல்லைக் கூச வைக்கும். தென்னாப்பிரிக்காவுக்கு நடுவே இருக்கும் லெசோத்தோ நாட்டின் மலையடிவாரத்தில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதைச் சொல்வாள். இருபது வருஷமாகத் தன் வீட்டுச் சுவரைத் தானே பூசித் தானே முள்கரண்டியால் கோடிழுத்து அழகு பார்க்கும் மாநேயோவுக்கு, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

அதனால்தான் அந்த வியாழக்கிழமை முற்பகலில் அவள் கை அப்படியே நின்றது. முன்சுவரைப் பூசி, ஈரம் போகுமுன் சதுரம் சதுரமாகப் பிரித்து, உழுத கொல்லையைப் போல நாலு நாலு கோடாக இழுத்துக்கொண்டிருந்தாள். டிசம்பர் வெயில் முதுகில் ஏறியிருந்தது, பச்சைச் சாணியின் வாசம் மூக்கில் இதமாக இருந்தது, முற்றத்துக் கோழிகள்கூட வெயிலுக்குப் பயந்து ஒதுங்கிவிட்டன. கரண்டி ஈரத்தில்தான் ஓடியது. ஆனால் கரகரவென்று கேட்டது.

கரண்டியைச் சுவரிலிருந்து எடுத்தாள். சத்தம் இன்னும் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் ஓய்ந்தது. அது வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

உள்ளே போனாள். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மண்ணெண்ணெய் வாடையும், காலையில் கிண்டிய சோளக்களியின் அடிப்பிடித்த வாடையும், அவற்றுக்கெல்லாம் அடியில் காய்ந்த மண்ணை யாரோ இப்போதுதான் கிளறிய வாடையும் இருந்தன. அடுப்பங்கரைச் சுவரின் அடியில், தரைமேல், ஒரு சிட்டிகைப் புழுதி குவிந்திருந்தது. அதற்கு மேலே, ஒரு சாண் உயரத்தில், நாலு கோடுகள். மூன்று நேராகப் போயின. நாலாவது மட்டும் நெளிந்து நெளிந்து போனது.

எலி என்று சொல்லிக்கொண்டாள். நாலு பல் வைத்துக் கோடிழுக்கிற எலியை அவளும் பார்த்ததில்லை, அவள் பாட்டியும் பார்த்ததில்லை. ஈரத்துணியால் துடைத்து, மேலே ஒரு கை மண் பூசி மூடினாள். அப்போது முகமெல்லாம் சுட்டது. ஒரு சுவரை இதே மாதிரி மூடிய ஞாபகம் அந்தக் கைக்கு இருந்தது.

அந்த முற்றத்தில் இரண்டு வீடுகள். ஒன்று மாநேயோவுடையது. பத்தடி தள்ளி இருந்த மற்றது அவள் ஓரகத்தி மாகோபாங்குடையது. இரண்டு பேரின் புருஷன்மாரும் எல்லை தாண்டிச் சுரங்க வேலைக்குப் போனவர்கள். மாகோபாங்கின் புருஷனான மூத்தவன் அங்கேயே புதைந்தான், இளையவன் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் வருவான். சுவர்க் கோட்டில் மாகோபாங்கை அடிக்க அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. அவள் கரண்டியில் ஒரு பல் வளைந்திருக்கும். அந்த வளைவையே அழகாக்கி, நாலாவது கோட்டை ஓடைத் தண்ணீர் மாதிரி நெளியவிடுவாள். வாயும் அதே மாதிரிதான், எங்கே நெளியும் என்று தெரியாது.

"உனக்கு எதுக்குடி இந்தச் சிரமம்? பேசாம ரெண்டு கோழியைச் சுவத்துல ஏத்தி விடு. இதைவிட நல்லாக் கிளறும்" என்றாள் ஒருநாள், துணி துவைக்கிற இடத்தில், பத்துப் பெண்கள் நடுவில். எல்லாரும் சிரித்தார்கள். மாநேயோவும் சிரித்துவைத்தாள். அன்றோடு ஓரகத்தியுடன் பேச்சை நிறுத்தினாள்.

அந்த ஊர்க் குளிர்காலமான ஜூன் மாதம், தரையெல்லாம் உறைபனி விழுகிற ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், மாகோபாங் வீட்டிலிருந்து கரகர சத்தம் வந்தது. இருட்டும் வரை வந்தது. புதன்கிழமை காலையிலும் வந்தது, ஆனால் மெதுவாக, விட்டு விட்டு. பிறகு நின்றது. வியாழக்கிழமை, பக்கத்து வீட்டுப் பொன்சோ நெருப்பு வாங்கப் போனவள் அலறினாள். மாகோபாங்கின் இடப்பக்கம் முழுக்கச் செத்து, வாய் கோணி, தரையில் கிடந்தே உயிர் போயிருந்தது. வலக்கையில் முள்கரண்டி இருந்தது.

"சத்தம் கேட்டுச்சு. உள்சுவத்துல கோடு போடுறான்னுல்ல நெனச்சேன். நடுவுல போய்க் கூப்பிட்டா மண்ணு காஞ்சிரும்னு போகல" என்று மாநேயோ சொன்னாள். ஊர் அதை ஏற்றுக்கொண்டது. கோடிழுக்கிறவளை நடுவில் கூப்பிடுவது அங்கே மரியாதையில்லை. "யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனச்சிருப்பாங்க" என்று அவள் தோளைத் தட்டியும் கொடுத்தார்கள்.

ஆனால் அவளுக்குத் தெரியும். முதல் இழுப்பிலேயே தெரிந்துவிட்டது. அது காய்ந்த சுவர். காய்ந்த சுவரில் யாரும் கோடு போடுவதில்லை. வேண்டுமானால் வாயைத் திறந்து கூப்பிடட்டுமே என்றுதான் அவள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்திருந்தாள். அவள் செய்தது அவ்வளவுதான். சாவு வீட்டை மெழுகுவது ஓரகத்தியின் பொறுப்பு என்று சொல்லி, யாரையும் உள்ளே விடாமல், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்த கோடுகளை அவளே பூசி மூடினாள். அடுப்படியில் தொடங்கி, மாநேயோவின் வீட்டைப் பார்த்த சுவர் நெடுகப் போயிருந்த கோடுகள். கரண்டியைப் பள்ளத்து ஓடையில் எறிந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது. சோறு மட்டும் அதற்குப் பிறகு தொண்டையில் இறங்கவில்லை. யாராவது அவளைப் பார்த்து அன்பாகச் சிரித்தால் போதும், மண்ணுக்குள் போய்விடலாம் போல இருக்கும்.

வெள்ளிக்கிழமை பொன்சோ உதவிக்கு வந்தாள். மறுநாள் மாநேயோவின் மகள் நேயோவைக் கேட்டு மாப்பிள்ளையின் அம்மாவும் அத்தையும் வருகிறார்கள். நகரத்துத் தையல் ஆலையில் வேலை பார்க்கும் நேயோ அவர்களோடு சேர்ந்தே பேருந்தில் வருவாள். அந்த அம்மாவும் சுவர்க் கோட்டில் பேர்போன கை. பெண்ணைப் பார்க்குமுன் சுவரைப் பார்ப்பாள், சுவரைப் பார்த்தே வீட்டை எடைபோடுவாள் என்று ஊரெல்லாம் பேச்சு. நேயோவுக்கு வேறு நல்ல இடம் அமைவது கஷ்டம். மாநேயோவின் உயிரே அந்தச் சுவரில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது.

"முன்சுவரு பிரமாதம் அக்கா" என்றாள் பொன்சோ. தண்ணீர் வாளியோடு உள்ளே போனவள் அங்கிருந்தே கத்தினாள். "அட, உள்ளயும் போட்டிருக்கியே! இது எப்பப் போட்டே?"

மாநேயோ ஓடினாள். நேற்று மூடிய இடத்தில் மூன்று நேர்க்கோடு, ஒரு நெளிகோடு. இப்போது ஒரு முழம் நீண்டிருந்தது.

"கடைசிக் கோட்டைப் பாரேன்" என்று பொன்சோ குனிந்து விரலால் தடவினாள். "அப்படியே மாகோபாங் அக்கா கை. யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு?"

சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பொன்சோ நல்லவள், திட்டுவாள், அழுவாள், பிறகு கூடவே உட்காருவாள். ஆனால் நாளைக்கு விருந்து வருகிறது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

"நானேதான் போட்டேன்" என்றாள் மாநேயோ.

"பாவம் நீ. அன்னைலேருந்து நீ சரியாவே இல்ல. விடுக்கா, நீ என்ன பண்ணுவே, யாரா இருந்தாலும்..."

"போதும் பொன்சோ."

பொன்சோ போன பிறகு சத்தம் தொடங்கியது. சுவரைத் துடைத்தால் நின்றது. வாளியைக் கீழே வைத்தால் கேட்டது. அடுப்பங்கரையில் துடைத்தால் படுக்கைப் பக்கம் கேட்டது. படுக்கைப் பக்கம் ஓடினால் கதவோரம் கேட்டது. எல்லா இடத்திலும் அதே ஒரு சாண் உயரம். கீழே கிடக்கிற ஒருத்திக்குக் கையெட்டுகிற உயரம். அவள் ஒரு கோட்டைக்கூடக் கண்ணால் காணவில்லை, திரும்பும்போது அது முடிந்திருக்கும். இருட்டும் வரை பூசினாள், காதில் துணியை அடைத்துக்கொண்டு பூசினாள், வெட்கம் பிடுங்கித் தின்ன, ஓரகத்தியிடம் மன்னிப்பு என்ற ஒரு வார்த்தை கேட்கவும் வாய் வராமல் பூசினாள்.

சனிக்கிழமை காலை வீடு சுத்தமாக இருந்தது. சத்தமில்லை. அவளுக்கு அழுகையே வந்தது. குளித்து, நல்ல பாவாடையைக் கட்டினாள். மலைச்சரிவில் பேருந்தின் ஊதல் கேட்டது. இன்னும் அரைமணி நேரத்தில் வந்துவிடுவார்கள். ஒரே ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று உள்ளே வந்தாள். கோழி ஏதும் ஈரத்தரையை மிதித்துவிடக் கூடாதென்று கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள்.

அடுப்பங்கரைச் சுவரின் அடியில் ஒரு சிட்டிகைப் புழுதி.

குனிந்தாள். நிமிர முடியவில்லை. இடக்கை தன் கையாக இல்லை. யாரோ அவளுடைய பாதியை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டது போல இருந்தது. தரை மேலே வந்து கன்னத்தில் ஒட்டியது. பச்சைச் சாணியின் வாசம். "பொன்சோ" என்றாள். எச்சில் மட்டும் வழிந்தது.

எவ்வளவு நேரம் கிடந்தாளோ, வெளியே காலடிகள். சிரிப்பு. நேயோவின் குரல்.

"அம்மா! வந்தாச்சு!"

வலக்கையால் சுவரை அடித்தாள். ஈரமண் சொதசொதவென்று கையை வாங்கிக்கொண்டது. தரையில் விரலுக்குத் தட்டுப்பட்ட ஒரு கரண்டியை எடுத்து இழுத்தாள். ஈரச் சுவர். சத்தம் வரவில்லை. நேற்றெல்லாம் அவள் பூசிய பூச்சு.

காய்ந்த இடம் வேண்டும். கதவோரத்தில் ஒரு முழம் காய்ந்திருந்தது. முழங்கையை ஊன்றித் தவழ்ந்தாள். ஒரு சாண். இன்னொரு சாண். பெண்களின் பேச்சு சுவருக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடலாம் போல.

"சுவரு ரொம்ப நல்லாருக்கு" என்றது ஒரு வயசான குரல். "வீட்டுக்காரம்மா எங்க?"

இழுத்தாள். கரகர. இன்னொரு தடவை. கரகர.

"உள்ளே இருக்காங்க, கேக்குதா?" விருந்தை வரவேற்க வந்திருந்த பொன்சோவின் சிரிப்பு. "விருந்து வந்து நிக்குது, இன்னும் கோடு போட்டு முடியல. அக்காவுக்கு இப்பல்லாம் அதே பைத்தியம்."

"காஞ்ச சுவத்துல இழுக்கிற மாதிரில்ல கேக்குது?" என்றது அதே வயசான குரல்.

மாநேயோ மூச்சை நிறுத்தினாள். வா. கதவைத் தட்டு. வா.

"அவங்க கை அப்படிம்மா. அழுத்தமான கை" என்றாள் பொன்சோ.

"சரி சரி, நடுவுல கூப்பிட வேணாம். மண்ணு காஞ்சிரும்."

முக்காலிகள் மரத்தடிக்கு நகர்ந்தன. கோப்பைகள் உரசின. நேயோ எதற்கோ கலகலவென்று சிரித்தாள்.

மாநேயோ தன் கையைப் பார்த்தாள். பிடியில் இருந்த கரண்டியில் ஒரு பல் வளைந்திருந்தது. ஓடைச் சேறு இன்னும் காயாமல் அதில் ஒட்டியிருந்தது. சுவரில் அவள் கீறிய கோடுகள் ஒரு சதுரத்தின் பாதி. மூன்று நேர்க்கோடு, ஒரு நெளிகோடு. கண்ணாடியில் பார்ப்பது போல, அதற்கு எதிர்ப்பாதியும் அங்கே இருந்தது. அவள் போட்டதில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வளர்ந்தது. கையில்லை. கரண்டியில்லை. கோடு மட்டும். புழுதி மட்டும் உதிர்ந்து அவள் இமையில் விழுந்தது.

கையைக் கீழே போட்டாள். சத்தம் நின்றால் சந்தேகப்படுவார்கள். வருவார்கள். நேயோ வருவாள்.

அவள் நிறுத்திவிட்டாள். சத்தம் நிற்கவில்லை.

"இன்னும் முடியல போல" என்றாள் வெளியே பொன்சோ.