பேக்கப் முடியட்டும்

பேக்கப் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் நகரவில்லை. மதியமே தொடங்கியது; மழை பிடித்து, அறைக்குள் ஈரத்துணி வாடை பரவி, பொழுது சாயும் நேரமாகியும் மடிக்கணினித் திரையில் பச்சைக் கோடு நொண்டிக்கொண்டே கிடந்தது. ஊரிலுள்ள அலுவலகங்களின் நெட்வொர்க்கையெல்லாம் சரிசெய்கிறவன், சொந்த வீட்டு மாடியில் உட்கார்ந்து முழித்துக்கொண்டிருந்தான்.

வேலையிடத்திலிருந்து மனைவி போன் செய்தாள்.

“ஏங்க, முடிஞ்சுதா? அந்த லேப்டாப் எப்ப மண்டையப் போடும்னே தெரியல. அத்தை போட்டோ எல்லாம் அதுலதான் இருக்கு.”

“ஓடிட்டு இருக்கு.”

“ஊருக்கெல்லாம் வைத்தியம் பாக்குறீங்க, நம்ம வீட்டு வைஃபை மட்டும் படுத்தே கெடக்கு!” சிரித்தாள். பிறகு குரல் தணிந்தது. “அன்னைக்கு அந்தக் கேமரா மட்டும் பழுதாகாம இருந்திருந்தா...”

“ம்” என்றான். போனை வைத்தான்.

கேமரா பழுதாகவில்லை.

இடுப்பெலும்பு முறிந்து அம்மா கீழறையில் படுத்த பிறகு, அவன்தான் அதைப் பொருத்தினான். அவள் “தம்பி” என்றால் மாடியில் அவன் கணினியில் கேட்கும். ஆனால் அது நெட் வேகத்தைத் தின்றது. ஆபீஸ் பேக்கப் இழுத்தடித்தது. அதனால் ரூட்டரில் வரிசையை மாற்றி வைத்தான். முதலில் பேக்கப், கடைசியில் கேமரா. “கம்ப்யூட்டருக்குப் பசிச்சா மட்டும் ஓடுற, எனக்குத்தான் வரமாட்டேங்குற” என்று அம்மா கேலி செய்வாள். “பேக்கப் முடியட்டும்மா” என்பான்.

அன்று திரையில் அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள். வேலைக்கு நடுவே எத்தனையோ முறை பார்த்தான்; நன்றாகத்தான் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். அது உறைந்துபோன படம். பேக்கப் முடிந்த பிறகுதான், தேங்கிக் கிடந்த குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. தம்பி. தம்பி. தம்பி. இறங்கி ஓடிப்போய்க் கதவைத் திறந்தபோது அவள் தரையில் கிடந்தாள். கதவிடுக்கை நோக்கிக் கை நீண்டிருந்தது. நகங்கள் உடைந்திருந்தன. கேமரா பழுது என்று அவன் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். அவன்தான் அவளைக் கொன்றான் என்பது அவனுக்கு மட்டும் தெரியும்.

இப்போது வேகத்தை எது தின்கிறது என்று பார்க்க ரூட்டர் பக்கத்தைத் திறந்தான். முதல் வரியில் நின்ற பெயர்: ‘அம்மா ரூம்’. அந்தக் கேமராவுக்கு அவன் வைத்திருந்த பெயர்.

அலமாரியைத் திறந்து அட்டைப்பெட்டியை இறக்கினான். கேமரா உள்ளேதான் இருந்தது. வயர் சுற்றியபடி, தூசியோடு. அந்தப் பெயரைத் துண்டித்தான். மறைந்தது. மறுபடி வந்தது. பாஸ்வேர்டை மாற்றினான். வந்தது.

ரூட்டரையே பிடுங்கிவிடலாம் என்று மடிக்கணினியை ஏந்திக்கொண்டு கீழே இறங்கினான். ரூட்டர் கூடத்துச் சுவரில், அம்மாவின் அறைக் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. கதவு அன்றிலிருந்து பூட்டியே கிடந்தது. கூடத்தில் மருந்துத் தைல வாடை. அவனுடைய விரல் அந்தப் பெயரைத் தட்டியது.

படம் வந்தது. கட்டில் தெரியவில்லை. தரை தெரிந்தது. தரையோடு முகம் வைத்தால் தெரிவதுபோல, கருப்பாக ஒரு கதவு, அதன் அடியில் மெல்லிய வெளிச்சம். வெளிச்சத்தில் இரண்டு பாதங்கள். இடது கட்டைவிரலில் பிளாஸ்திரி.

அவனுடைய பாதங்கள்.

இடது காலைத் தூக்கினான். படத்தில் கால் அசையவில்லை. கொஞ்சம் கழித்து, உயர்ந்தது.

படம் தாமதமாகத்தான் வருகிறது.

கதவுக்கு உள்ளே சரக், சரக் என்று ஏதோ தரையைப் பிறாண்டியது. திரையில் பச்சைக் கோடு திடீரென்று ஓடி நிறைந்தது. ‘முடிந்தது.’

“முடிஞ்சுதா, தம்பி?”

குரல் மடிக்கணினியிலிருந்து வரவில்லை.

படத்தில் ஒரு கை இருளிலிருந்து நீண்டது. உடைந்த நகங்கள். பாதங்களைத் தொட இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது. படத்தில்தான்.

கணுக்காலில் சில்லென்றது. குனிந்து பார்த்தான். கதவிடுக்கின் வழியே ஐந்து விரல்களும் வெளியே வந்து அவன் காலைப் பற்றியிருந்தன.