தம்பிக்கு ஒரு மிதப்புக் கட்டை

ரங்கன் பின்னிவிடும் ஜடை அவிழவே அவிழாது. காலையில் பின்னினால், சந்தியா பள்ளிக்கூடம் போய், ஓடி, விழுந்து, எழுந்து, சாயங்காலம் வீடு திரும்பிய பிறகும் அப்படியே விறைத்துக்கொண்டு நிற்கும். நிற்காமல் என்ன செய்யும்? அவருக்குத் தெரிந்ததெல்லாம் வலை முடிச்சுதான். மகளின் ரிப்பனுக்கும் அதையேதான் போடுவார்.

"இன்னா சந்தியா, கெட்டியாக் கீதா?" என்று கேட்பார்.

"இருக்கு நைனா," என்பாள் சந்தியா. ஜடை இழுக்கிற இழுப்பில் கண் இரண்டும் மேலே ஏறிப் போயிருக்கும். ஆனாலும் ஒன்றும் சொல்ல மாட்டாள். விடியற்காலையில் ஏரிக்குப் போய் இறால் பிடித்து வந்து, சோறு வடித்து, ஜடையும் பின்னுகிற மனிதரை என்ன சொல்வது?

அம்மா பின்னினால் மத்தியானத்துக்குள் அவிழ்ந்துவிடும். அம்மாவின் விரல்கள் தலையில் அவ்வளவு மெதுவாக நடக்கும். அவிழ்ந்த ஜடைக்காக அம்மாவிடம் சந்தியா எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறாள். இப்போது அந்த ஜடை கிடைத்தால் போதும் என்று இருந்தது.

அம்மா ராஜாத்தி சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தாள். சந்தியாவுக்குத் தம்பி பிறந்திருந்தான். பிறக்க வேண்டிய நாளுக்கு ரொம்ப முன்னாலேயே அவசரப்பட்டு வந்துவிட்டான். அதனால் அவனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அங்கே அனுமதி இல்லை. போனில் மட்டும்தான் பார்க்கலாம்.

போனில் தம்பி எப்போதும் தூங்கிக்கொண்டிருப்பான். நைனாவின் உள்ளங்கையில் அவன் முதுகு முழுவதும் அடங்கிவிடுமாம். சந்தியா அவனிடம் எல்லாவற்றையும் சொல்லுவாள். ஏரிக்குப் பூநாரைகள் வந்துவிட்டன என்பாள். கணக்கில் நல்ல மார்க் வாங்கியதைச் சொல்லுவாள், தமிழில் வாங்கியதைச் சொல்ல மாட்டாள். போனை வைத்ததும் வீடு ரொம்பப் பெரியதாகிவிடும். அம்மாவின் பழைய புடவையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்துக்கொள்வாள்.

தலைமாட்டிலேயே அவளுடைய பென்சில் டப்பாவும் இருக்கும். அதற்குள்ளே தம்பிக்கான பரிசு இருந்தது.

அவர்கள் ஊரான தோணிரேவில் மற்ற வீடுகளில் எப்படியோ, ரங்கன் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்த குழந்தை வீட்டுக்கு வந்ததும், அப்பாவின் வலையிலிருந்து ஓர் ஈயக்குண்டை எடுத்து அதன் அரைஞாண் கயிற்றில் கோத்துவிடுவார்கள். குண்டு வலையைத் தண்ணீரின் அடியில் நிறுத்துவதுபோலப் பிள்ளையையும் ஊரில் நிறுத்தும் என்பது அவர்கள் எண்ணம். சந்தியா குழந்தையாக இருந்தபோது அவள் இடுப்பிலும் ஒன்று இருந்தது. பல் முளைத்த வயதில் அதைத்தான் கடித்துக்கொண்டே இருந்தாளாம். இந்த முறை குண்டை நீதான் எடுக்கவேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தாள். இருக்கிறதிலேயே உருண்டையான குண்டாகப் பார்த்து எடுத்து, பாவாடையில் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருந்தாள் சந்தியா.

ஒரு சாயங்காலம் போனில் அம்மாவின் குரல் மாறியிருந்தது. தம்பியின் எடை ஏறிவிட்டதாம், சீக்கிரமே அனுப்பிவிடுவார்களாம். ஆனால் அம்மாவின் ரத்தத்தைச் சோதித்ததில், வலைக்குண்டு செய்கிற காரீயம் நிறைய இருக்கிறது என்று தெரிந்ததாம். வீட்டில் காரீயம் இல்லாமல் சுத்தம் செய்தால்தான் தாயும் பிள்ளையும் அங்கே போகலாம், இல்லாவிட்டால் அம்பத்தூரில் சித்தி வீட்டுக்குப் போய்ப் பல மாதம் இருக்கவேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்.

சித்தி வீடு ஒரே ஓர் அறைதான். அங்கே சந்தியாவுக்கு இடம் இருக்காது. பள்ளிக்கூடமும் இங்கேதான். அவள் போனை நைனாவிடம் கொடுத்துவிட்டு, வாசலில் போய் ஏரியைப் பார்த்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் டாக்டர் சொல்லியனுப்பி, பழவேற்காட்டிலிருந்து நர்ஸ் சுராயா ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். நைனா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பக்கத்து வீட்டுக் கஸ்தூரியம்மாளும் கூப்பிடாமலேயே வந்து சேர்ந்தாள். தெருவில் ஸ்கூட்டி நின்றால் அவளுக்கு வீட்டில் கால் தங்காது.

வீட்டில் காரீயம் எப்படி வந்தது என்று சுராயா கேட்டாள். நைனா சொன்னார். வலையின் அடிக்கயிற்றில் குண்டு இருந்தால்தான் வலை முங்கும். பழைய ஈயத்தை வாங்கி வந்து, சமையல் அடுப்பிலேயே ஒரு வாணலியில் உருக்கி, அச்சில் ஊற்றிக் குண்டு செய்வார். குண்டில் ஒரு பிளவு இருக்கும். அந்தப் பிளவில் கயிற்றை நுழைத்து, பல்லால் கடித்து மூடுவது அம்மாவின் வேலை.

"பல்லாலயா?" என்றாள் சுராயா.

"எங்க தெருவுலயே வேகமாக் கடிக்கிறது ராஜாத்திதான்," என்று பெருமையாகச் சொன்னாள் கஸ்தூரியம்மாள். சுராயாவின் முகத்தைப் பார்த்ததும் பெருமையைப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். பிறகு, ஈயச் சொம்பில் ரசம் வைத்துத் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடவில்லையா என்று ஒரு கேள்வியையும் போட்டாள். அது வெள்ளீயம், இது காரீயம், இரண்டும் வேறு வேறு என்றாள் சுராயா.

"உருக்கும்போது வர்ற புகையும், தரையில படியற தூசும் கண்ணுக்கே தெரியாது," என்று அவள் நைனாவிடம் சொன்னாள். "மூச்சுல போவும். கையில ஒட்டி சோத்தோட போவும். அம்மா ரத்தத்துல கலந்தா வயித்துல இருக்கற குழந்தைக்கும் போயிடும். குழந்தை சீக்கிரமாப் பொறக்கலாம், சின்னதாப் பொறக்கலாம். பொறந்த குழந்தைக்கு இன்னும் கெடுதல். வருஷக்கணக்கா உள்ள போய்ட்டே இருந்தா, பெரியவங்களுக்குப் புத்துநோய்கூட வரலாம்னு சொல்றாங்கண்ணா."

நைனா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

அடுப்புப் பக்கத்தைத் தவிர வேறு எங்கே ஈயம் இருக்கிறது என்று சுராயா கேட்டதற்கு, வேறெங்கும் இல்லை என்றார் நைனா. அவர் பாதி நாள் ஏரியில் இருப்பவர், அவருக்கு என்ன தெரியும்? சந்தியா எழுந்தாள். அம்மா குண்டு கோக்கிற பாயைக் காட்டினாள். உருக்குகிற கரண்டி சமையல் கரண்டியோடு மாட்டியிருப்பதைக் காட்டினாள். அரிசி டின்னுக்குப் பின்னால் பழைய ஈயக் கட்டி இருந்தது, ஜன்னல் மேடையில் அச்சு இருந்தது, கொடியில் ஈயம் உருக்கும்போது நைனா போடுகிற சட்டை தொங்கியது. எல்லாவற்றையும் காட்டினாள். பென்சில் டப்பாவை மட்டும் காட்டவில்லை.

அதற்குப் பிறகு வீடு படாதபாடு பட்டது. காய்ந்த தரையைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூசு கிளம்பும், ஈரத்துணியால்தான் துடைக்கவேண்டும் என்று சுராயா சொல்லிவிட்டுப் போயிருந்தாள். நைனா முட்டி போட்டுத் துடைத்தார். முதலில் துடைத்த இடத்திலேயே மறுபடியும் கால் வைத்து, அதையும் துடைத்தார். ஈயம் உருக்குகிற சாமான் எல்லாவற்றையும் கரையோரக் கோடியில் ஆளில்லாத படகுக் கொட்டகைக்குக் கொண்டுபோனார். இனி வேலை அங்கேதான், சட்டையை மாற்றிக் கைகால் கழுவித்தான் வீட்டுக்குள் நுழைவது, குண்டை மூடுவதற்குக் குறடு என்று முடிவானது. பாயும் பழைய கரண்டியும் வெளியேறின. கஸ்தூரியம்மாள் வாசலில் நின்று விடுபட்ட மூலைகளை விரல் நீட்டிக் காட்டினாள். அதுவும் ஓர் உதவிதான்.

சனிக்கிழமை சுராயா மறுபடியும் வந்தாள். மூலைமுடுக்கெல்லாம் பார்த்தாள். ரத்தம் சோதிக்க நைனாவுக்கும் சந்தியாவுக்கும் ஊசி குத்தினாள். நைனாதான் கண்ணை மூடிக்கொண்டார்.

"வீடு நல்லா இருக்கு. நான் டாக்டர்கிட்ட சொல்லிடறேன். அவங்களைக் கூட்டிட்டு வாங்கண்ணா," என்று சொல்லிவிட்டு சுராயா வண்டியை எடுத்தாள்.

சந்தியாவுக்குக் குதிக்கவேண்டும்போல இருந்தது. அம்மா வருகிறாள். தம்பி வருகிறான். ஆனால் குதிக்க முடியவில்லை. பென்சில் டப்பா கண் முன்னாலேயே நின்றது. ஒரே ஒரு குண்டுதானே? இத்தனை சின்னக் குண்டு என்ன செய்துவிடும்? அது இல்லாவிட்டால் தம்பிக்கு அவள் கொடுக்க வேறு என்ன இருக்கிறது? இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, பல் முளைத்த தம்பி குண்டை வாயில் வைத்துக் கடிப்பது மனதில் வந்துவிட்டது.

டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடினாள். தெரு முனையில் ஸ்கூட்டியைப் பிடித்துவிட்டாள்.

சுராயா குண்டைப் பார்த்தாள். சந்தியா அரைஞாண் வழக்கத்தைச் சொன்னாள். சொல்லச் சொல்ல, இத்தனை நாளாக உள்ளே அடைத்துக்கொண்டிருந்த இன்னொன்றும் வெளியே வந்துவிட்டது.

"தம்பி வயித்துல இருந்தப்போ நானும் அம்மாவும் பந்தயம் வச்சோம்க்கா. யார் நிறைய குண்டு கடிக்கிறாங்கன்னு. நான்தான் கூப்புட்டேன். என்னாலதான் அவன் சின்னதாப் பொறந்தானா?"

சுராயா வண்டியை அணைத்துவிட்டு இறங்கினாள். சந்தியாவின் முகத்துக்கு நேராகக் குனிந்துகொண்டாள்.

"குழந்தை சீக்கிரம் பொறக்கறதுக்கு நூறு காரணம் இருக்கும் கண்ணு. இதுதான்னு டாக்டராலயே சொல்ல முடியாது. ஈயம் கெடுதல்னு உங்க அம்மாவுக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. தெரியாம செஞ்சதுக்கு உன்மேல என்ன தப்பு? தெரிஞ்சதும் ஓடி வந்தியே, அதை நான் உங்க அம்மாகிட்ட சொல்லப் போறேன்."

குண்டை ஒரு பையில் போட்டு மூடி எடுத்துக்கொண்டாள். அங்கேயே சந்தியா கை கழுவுவதற்காகத் தன் தண்ணீர் பாட்டிலையும் காலி செய்துவிட்டுப் போனாள்.

மனசு லேசாகிவிட்டது. டப்பாவும்தான். வெறும் டப்பாவை சந்தியா திறந்து திறந்து பார்த்தாள்.

அன்று சாயங்காலம் கரையில் உட்கார்ந்து, நைனா ஏரியில் வலை விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குண்டுகள் எல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டன. மேலே ஒரு வரிசையாக மிதப்புக் கட்டைகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. தினமும் பார்க்கிற காட்சிதான். இன்றைக்கு அதைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து நின்றாள். நைனா கரை ஏறியதும் மிதப்பு செய்கிற கல்யாணமுருங்கைக் கட்டையில் ஒரு துண்டு வேண்டும் என்று கேட்டாள். எதற்கு என்று அவர் கேட்டார், அவள் சொல்லவில்லை.

அவர்கள் வந்த நாளில் தெருவே வாசலில் நின்றது. அம்மா இளைத்திருந்தாள். சந்தியாவை இழுத்து அணைத்துக்கொண்டு, இறுகிப்போன அந்த ஜடையைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது. துணிப் பொதிக்குள் தம்பி வாயைத் திறந்து கொட்டாவி விட்டான். போனில் தெரிந்ததைவிட மூக்கு பெரியது.

"அரைஞாணுக்குக் குண்டு எங்கடி?" என்று ஆரம்பித்தாள் கஸ்தூரியம்மாள். "வழக்கத்தை விடக்கூடாது."

அம்மா சங்கடமாக நைனாவைப் பார்த்தாள். சந்தியா பென்சில் டப்பாவைத் திறந்தாள். உள்ளே சின்னதாக ஒரு புது மிதப்புக் கட்டை. நைனா வெட்டிக் கொடுத்தது, அவள் கல்லில் தேய்த்து வழவழப்பாக்கியது.

"வலைக்கு ரெண்டும் வேணும் பெரியம்மா. அடியில குண்டு, மேல கட்டை. இதுவும் நைனா வலையில இருக்கற மாதிரிதான்," என்றாள் சந்தியா. "தம்பிக்கு மேல இருக்கறதைக் கட்டலாம். தூளி உச்சியில. அவன் வாய்க்கு எட்டாது."

கஸ்தூரியம்மாள் கட்டையை வாங்கிப் பார்த்தாள். எடையே இல்லாமல் இருக்கிறதே என்றாள். பிறகு துணிப் பொதிக்குள் கிடந்தவனை எட்டிப் பார்த்துவிட்டு, இவனும் அப்படித்தானே இருக்கிறான், மிதக்கட்டும், என்று சொல்லிவிட்டாள். அம்மா சந்தியாவின் தலையில் கை வைத்திருந்தாள். கட்டையை நைனா ஸ்டூல்மேல் ஏறிக் கட்டினார். அவர் முடிச்சு. இனி அது எங்கும் போகாது.

ரத்தச் சோதனை முடிவும் வந்தது. நைனாவுக்குக் கொஞ்சம் அதிகம், சந்தியாவுக்கும் கொஞ்சம் உண்டு, ஈயத்தின் பக்கம் போகாமல் இருந்து கீரையும் முட்டையும் பாலும் சாப்பிட்டால் குறையும், மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்க்கலாம் என்றாள் சுராயா. கீரைக்காக சந்தியா வருத்தப்பட்டாள்.

மறுநாள் காலையில் அம்மா அவளை மடிக்கு முன்னால் உட்கார வைத்தாள். நைனா போட்ட முடிச்சை அவிழ்க்கவே வெகு நேரம் ஆயிற்று. அப்புறம் அந்த விரல்கள் தலையில் மெதுவாக நடந்தன. தூளிக்கு மேலே கட்டை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. சந்தியா கண்ணை மூடிக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்தில் மத்தியான மணி அடிப்பதற்குள் ஜடை அவிழ்ந்துவிட்டது. கட்டிவிடவா என்று டீச்சர் கேட்டார்.

"வேணாம் டீச்சர், அம்மா போட்டது," என்றாள் சந்தியா.