வெட்டப்படாத ஓரம்

தாபோடி ஸ்டேஷனில் லோக்கல் ரயிலை விட்டு நீலா இறங்கியபோது பகல் பன்னிரண்டு மணி. மே மாத வெயில் தண்டவாளத்தில் நெளிந்துகொண்டிருந்தது. கந்தசாமி ஸ்டேஷன் வாசலிலேயே காத்திருந்தார். படைத் தளவாடத் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்தப் பதினோரு வாரத்தில் அவருக்குப் பத்து வயது கூடியிருந்தது.

"நானே வீட்டுக்கு வந்திருப்பேனே அங்கிள். வெயில்ல எதுக்கு?"

"வீட்ல தனியா உக்காந்தா செவுரு கிட்ட கிட்ட வர்ற மாதிரி இருக்கும்மா."

அவருடைய ஒரே மகள் ராஜஸ்ரீ, நீலாவின் தோழி. பதினோரு வாரத்துக்கு முன்பு, சிஞ்ச்வட்டில் இடிக்கப்போகும் ஒரு பழைய குடியிருப்பைப் படமெடுக்கப் போனாள். அங்கே வாழ்ந்தவர்கள் தங்கள் அறைகளின் படத்தையாவது வைத்துக்கொள்ள ஆசைப்பட்டு அவளை அழைத்திருந்தார்கள். காலை பத்து மணிக்கு உள்ளே போனவள் வெளியே வரவில்லை. அந்தக் கட்டடத்துக்கு ஒரே வாசல். அதில் காவல்காரர் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். இரண்டாம் மாடியில் பச்சைச் சுவர்கள் கொண்ட ஒரு காலி அறையில், ஸ்டாண்டின் மேல் கேமரா மட்டும் நின்றது. போலீஸ் நாய் அந்த அறை வரை ஓடிவந்து, நடுவில் உட்கார்ந்து ஊளையிட்டதாம்.

"திங்கக்கெழம அந்த பில்டிங்க இடிக்கிறாங்க. போலீஸ் சௌக்கில போய் நின்னா 'தேக்தே ஹைங் சாச்சா', பாக்கலாம் பெரியவரேன்னு அனுப்பிடறான். கேமராவிலயே படத்த பாத்துட்டு வெறும் ரூமுதான்றான். கெஞ்சி அந்தப் படங்களுக்கு ஒரு காப்பி வாங்கியாந்துட்டேன். நீ பெருசு பண்ணி பாரும்மா. உன் கண்ணுக்கு எதுனா தெரியும்."

நீலா கல்யாண ஆல்பங்கள் செய்பவள். பதினைந்து வருஷமாகப் படங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பதுதான் அவள் தொழில்.

ராஜஸ்ரீயின் அறை மிகச் சின்னது. ஒரே கதவு. கம்பி போட்ட ஒரே ஜன்னல். அதைத் திறந்தால் கை எட்டும் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர். மேசையில் அவளுடைய பழைய கம்ப்யூட்டர். அதிலிருந்த மென்பொருளுக்குப் பன்னிரண்டு வயது. கேமராவோ போன வருஷம் வாங்கியது. நீலா முதல் படத்தைத் திறந்ததும், இந்த வகைக் கோப்பு தனக்குத் தெரியாது என்று திரை சொல்லிவிட்டது.

அது அவள் எதிர்பார்த்ததுதான். கேமராவின் சின்னத் திரையில் தெரிவது கேமராவே தயாரித்துக்கொள்ளும் ஒரு நகல். உண்மையான படம் 'ரா' கோப்பாக, சமைக்காத அரிசி மாதிரி உள்ளே கிடக்கும். பழைய மென்பொருள் படிக்க வேண்டுமென்றால் அதை வேறு வகைக்கு மாற்றித் தர வேண்டும். மாற்றித் தரும் ஒரு இலவச நிரலை நீலா இறக்கினாள். நாற்பத்தேழு படங்கள் ஒவ்வொன்றாக மாறின.

கந்தசாமி கதவைச் சாத்திவிட்டு அவள் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

முதல் படம். காலி அறை, பச்சைச் சுவர். ஆனால் வலது ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை.

"அது இன்னாம்மா?"

"எல்லா கேமராவும் ஓரத்துல கொஞ்சம் கூடுதலா பிடிக்கும் அங்கிள். புது சாஃப்ட்வேர் அத தானா வெட்டிடும். இதுக்கு வெட்டத் தெரியல."

அடுத்தடுத்த படங்களிலும் அதே பட்டை. பன்னிரண்டாவது படத்தில் நீலாவின் கை மௌஸின் மேல் நின்றது. கறுப்புக்குள் ஏதோ வெளுப்பாகத் தெரிந்தது. வெளிச்சத்தைக் கூட்டினாள்.

நான்கு விரல்நுனிகள்.

இருபதாவது படத்தில் ஒரு சட்டைக்கை. முப்பத்தொன்றாவதில் பாதி முகம்.

"ராஜி," என்றார் கந்தசாமி.

பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கியவள் போல, அந்தக் குறுகிய பட்டைக்குள் ராஜஸ்ரீ பக்கவாட்டில் ஒடுங்கி நின்றாள். கன்னம் எதன் மேலோ அழுந்தித் தட்டையாகியிருந்தது. அந்தப் படம் எடுக்கப்பட்ட தேதியை நீலா பார்த்தாள். கேமராவைப் போலீஸ் பூட்டி வைத்ததற்கு மறுநாள்.

நாற்பதாவது படத்துக்குப் போன வாரத் தேதி. இப்போது பட்டை உள்ளங்கை அகலம் இருந்தது.

அறையில் ஈரச் சுண்ணாம்பு வாடை அடித்தது. மே மாதத்தில், வெள்ளையடிக்காத வீட்டில்.

"வாயப் பாரும்மா. ஏதோ சொல்றா."

நாற்பத்தைந்தில் உதடுகள் மூடியிருந்தன. நாற்பத்தாறில் குவிந்திருந்தன.

"அப்பான்றா," என்று கந்தசாமி அழுதார். "அப்பான்னு கூப்புட்றா."

'ப்பா' என்றால் வாய் அகலத் திறக்க வேண்டும். நீலா தன் உதடுகளைச் சத்தமில்லாமல் அதே போல் அசைத்துப் பார்த்தாள்.

மூ... டு.

"அங்கிள், இத மூடிடலாம்."

"மூட்றதா? எம்பொண்ணு உள்ள நிக்கிறா!" அவர் கை நீட்டிக் கடைசிப் படத்தைத் திறந்துவிட்டார்.

அதற்கு இன்றைய தேதி.

பட்டை படத்தின் பாதியை எடுத்துக்கொண்டிருந்தது. அதில் யாரும் இல்லை.

அப்போது மின்சாரம் போனது. மின்விசிறி ஓய்ந்தது. மேசைக்கடியிலிருந்த யுபிஎஸ் கீச், கீச் என்று கத்த ஆரம்பித்தது. திரை மட்டும் எரிந்தது. நீலா மூடும் பொத்தானை அழுத்தினாள். அசையவில்லை. மறுபடி அழுத்தினாள். பிறகு எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

கந்தசாமியின் கூடம் அங்கே இல்லை.

பச்சைச் சுவர்கள் இருந்தன. காலித் தரை. சுண்ணாம்பு வாடை முகத்தில் அறைந்தது. எதிர்மூலையில், சுவரை ஒட்டி, ராஜஸ்ரீ நின்றிருந்தாள்.

நீலா கதவுப்பிடியை விடவில்லை. பின்னால் கம்பி ஜன்னல். முன்னால் இது. வேறு வழியே இல்லை.

"ராஜி! கண்ணு!" கந்தசாமி அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்.

"அங்கிள், வேணாம்! திரும்பி வாங்க!"

அவர் போய் மகளின் தோளைத் தொட்டார். ராஜஸ்ரீ அவரைப் பார்க்கவில்லை. நீலாவைப் பார்த்தாள்.

"மூடு நீலா," என்றாள் மெதுவாக. "அது பாத்துருச்சு."

அவர்களுக்குப் பின்னால் பச்சைச் சுவர் மூச்சிழுப்பது போல் உள்வாங்கியது. பிறகு புடைத்துக்கொண்டு முன்னே வந்தது. கந்தசாமி மகளின் கையைப் பற்றி இழுத்தார். "வாம்மா, வீட்டுக்குப் போலாம், வாம்மா" என்று சொல்லிக்கொண்டே இழுத்தார். நான்கே எட்டு. வந்துவிடலாம். அவர்களால் வந்துவிட முடியும்.

சுவர் அவர்களைவிட வேகமாக வந்தது.

நீலா கதவைச் சாத்தினாள். தாழ் போட்டாள். முதுகை அதில் கொடுத்து நின்றாள். மறுபக்கம் யாரோ தட்டினார்கள். ஒரு கிழவர் தட்டும் தட்டு, வேகமில்லாமல், நம்பிக்கையோடு.

"அம்மா நீலா. தாழ் உழுந்துடுச்சி பாரு. தெறம்மா."

அவள் திறக்கவில்லை. யுபிஎஸ் அடங்கித் திரை அணையும் வரை அந்தத் தட்டல் கேட்டது.

மாலையில் பக்கத்து வீட்டு மும்தாஜ் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டும், அரை மணி நேரம் கெஞ்சிய பிறகுதான் நீலா தாழை நீக்கினாள். வெளியே கந்தசாமியின் கூடம் இருந்தது. வாசல் கதவு உள்பக்கம் பூட்டியிருந்ததால், அக்கம்பக்கத்தார் அதை உடைத்துத்தான் வந்திருந்தார்கள். கந்தசாமியைக் காணவில்லை.

போலீசிடம் அவள் நடந்ததை அப்படியே சொன்னாள். அவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். திங்கட்கிழமை நீலா சிஞ்ச்வட்டுக்கு ஓடி, மண்வாரி இயந்திரத்தின் முன்னால் நின்று கத்தினாள். இரண்டு பெண் போலீசார் அவளை அப்புறப்படுத்தினார்கள். கட்டடம் மத்தியானத்துக்குள் விழுந்துவிட்டது. இடிபாட்டில் யாரும் இல்லை. கந்தசாமியின் மூக்குக் கண்ணாடி மட்டும் கிடைத்தது, ஒரு கீறல்கூட இல்லாமல்.

நீலா இப்போது வேலைக்குப் போவதில்லை. அவளுடைய வலது கண்ணின் ஓரத்தில், எங்கே பார்த்தாலும் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு தெரிகிறது. தலையைத் திருப்பினால் அதுவும் கூடவே நகர்கிறது. விமான் நகரில் ஒரு கண் டாக்டரிடம் காட்டினாள். கண்ணில் எந்தக் கோளாறும் இல்லை என்றார்.

இன்று காலை அந்தக் கோடு விரல் அகலம் ஆகியிருந்தது.

அதற்குள்ளிருந்து யாரோ மெதுவாகத் தட்டுகிறார்கள்.