சாய்த்து வைத்த செங்கல்

சங்கரன்கோவில் முடிகிற இடத்தில், புளியங்குடி ரோட்டில், புதிதாக ஒரு நகர் போட்டார்கள். விற்கும்போது காட்டிய படத்தில் பூங்கா இருந்தது, ஊஞ்சல் இருந்தது. நேரில் போனால் கருவேல முள். படத்தை நம்பி மனை வாங்குகிறவர்களை என்ன சொல்ல? அங்கே மொத்தமே இரண்டு வீடுதான்.

ஒரு வீட்டில் லிங்கேஷ். ஆறாவது படிக்கிறான். அப்பாவுக்குத் திருப்பூரில் வேலை. அம்மா நிர்மலாதேவி ஜவுளிக்கடை வேலை முடிந்து வர இருட்டிவிடும். வேன் இறக்கிவிட்டதும் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ள வேண்டும். அப்புறம் அவனும் ஃபேன் சத்தமும்தான்.

பின்வீட்டில் ஹஸ்னா பானு. அவளுக்கும் அவன் வயசுதான். நடக்க வராது, சக்கர நாற்காலி. அவள் அம்மாவும் வேலைக்குப் போகிறவள். சுற்றிப் போகலாம் என்றால் லாரி ஓடுகிற ரோடு. தனியாகப் போனால் காலை ஒடிப்பேன் என்று லிங்கேஷின் அம்மா சொல்லியிருந்தாள்.

இரண்டு புறவாசலுக்கும் நடுவே கம்பிவேலி. அதுதான் அவர்களுக்கு எல்லாம். சாயங்காலம் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து ஆடுபுலி ஆடுவார்கள். அட்டை அவள் மடியில். அவன் சொல்லச் சொல்ல அவன் காயையும் அவளே நகர்த்துவாள். கண்ணை எடுத்தால் ஏமாற்றிவிடுவாள்.

அந்த வேலியைப் பிடுங்கிவிட்டுச் சுவர் எழுப்ப அம்மா ஆள் வைத்துவிட்டாள். அவள் மேலும் தப்பில்லை. துவைக்கிற கல் அங்கேதான் இருந்தது. பின்வீட்டுக்குப் போகிற வருகிறவர்கள் பார்க்க, நிம்மதியாக ஒரு முகம் கழுவ முடியவில்லை அவளுக்கு.

லிங்கேஷ் ராத்திரி ஒரு படம் வரைந்தான். சுவர் நடுவே தோகை விரித்த மயில். ஒவ்வொரு கண்ணும் ஒரு ஓட்டை. மறுநாள் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. சுவர் வேலைக்காக அம்மாவும் லீவு போட்டிருந்தாள். படத்தை மூக்காண்டி கொத்தனாரிடம் நீட்டினான். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மயிலு நல்லாத்தான் இருக்கு மக்கா. ஆனா தோகைய விரிச்சா சுவரு விழுந்துரும்லே."

அம்மா அதற்கு மேல். துவைக்கிற இடத்தில் ஓட்டை வைக்கவா சுவர் கட்டுகிறோம் என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

சுவர் முழங்கால் உயரம் வந்திருந்தது. கொத்தனார் கொஞ்சம் இரங்கி, சாப்பிட்டு வருவதற்குள் கட்டுகிற மாதிரி ஒன்று சொல், இல்லையென்றால் மூடிக்கொண்டே போய்விடுவேன் என்றார்.

லிங்கேஷ் மயிலை விட்டான். கட்டின மட்டத்துக்கு மேல் கலவை பூசாமல் வெறும் செங்கலை அடுக்கினான். தன் கண்ணுக்கு நேராக இடைவெளி விட்டு விட்டு ஒரு வரிசை. எட்டிப் பார்த்தால் ஹஸ்னா வீட்டு வாசல்படிகூடத் தெரிந்தது. அவளைக் கூப்பிட்டு எப்படி என்று கேட்டான்.

"எனக்கு மேகந்தான் தெரியுது. உன் கூட விளையாடணுமா, மழை வருதான்னு பார்க்கணுமா?"

அவனுக்குச் சுருக்கென்றது. நின்று பார்க்கிறவனுக்குக் கட்டியிருக்கிறான். உட்கார்ந்திருக்கிறவளை மறந்தே போனான்.

கலவைச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தான். அவள் உயரம் வந்தது. வரிசையை அங்கே இறக்கினான். இப்போது அவள் முகம் தெரிந்தது, அட்டை தெரிந்தது. ஆனால் அந்தப் பக்கம் இருந்து துவைக்கிற கல்லும் நன்றாகத் தெரியுமே. அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள்.

ஒரு செங்கல்லைக் கையில் எடுத்தான். வைத்தான், எடுத்தான். ஒருமுறை அது கோணலாக உட்கார்ந்துவிட்டது. நேராக்கப் போனவன் நிறுத்தினான். கோணலாக இருக்கையில், அவன் வீட்டுப் புறவாசலில் ஒரு ஓரமாக நின்ற வேப்பங்கன்றுப் பக்கம் மட்டும் திறந்திருந்தது. துவைக்கிற கல் இருக்கிற பக்கம் அடைத்துக்கொண்டது.

மற்ற கற்களையும் அதே சாய்வில் திருப்பினான். பிறகு அம்மாவைக் கெஞ்சிக் கூட்டி வந்து துவைக்கிற கல்லில் உட்கார வைத்தான். தான் வேப்பங்கன்றுக்கருகே சட்டியைப் போட்டு உட்கார்ந்தான்.

"ஏட்டி, எங்கம்மா தெரியாளா?"

நாற்காலி முன்னும் பின்னும் உருளுகிற சத்தம் கேட்டது.

"தெரியல. நீதான் தெரியுத. வேணும்னா அதையும் மறைச்சிரு."

அம்மா நம்பவில்லை. சொந்தக் கண்ணால் பார்த்தால்தான் ஆயிற்று என்று ரோட்டைச் சுற்றி அந்த வீட்டுக்கே போனாள். நின்று பார்த்தாள், குனிந்து பார்த்தாள். வேப்பங்கன்றும், அதன் பக்கத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிற மகனும் மட்டும் தெரிந்தார்கள்.

அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "கொத்தனாரே, இப்படியே வைங்க."

மூக்காண்டி வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். கற்களை அசைத்துப் பார்த்தார். இரண்டு ஓரத்திலும் நேர்க்கல் வைத்துக் கட்டினால் நிற்கும் என்றார். ஒரு கை போகிற அளவுதான் சந்து, நாய் வராது. பாம்பு வருமே என்று அம்மா கேட்டதற்கு, அது வாசல் கேட் வழியாகவே வரும் என்று சொல்லிவிட்டுக் கலவையை அள்ளினார்.

சுவர் முடிந்தது. தலைக்கு மேல் உயரம், பின்வீட்டுக் கூரை மட்டும்தான் தெரியும். தூரத்தில் நின்று பார்த்தால் எல்லாச் சுவரையும் போல அதுவும் ஒரு சுவர்.

திங்கட்கிழமை வேலை முடிந்து அம்மா புறவாசலுக்கு வந்தபோது விளக்கு வெளிச்சத்தில் சண்டை நடந்துகொண்டிருந்தது. புலி அங்கே இல்லை என்று அவன் சொல்ல, அங்கேதான் இருந்தது என்று சுவர் வழியாக ஒரு விரல் நீண்டு ஆடியது.  அம்மா துவைக்கிற கல்லில் உட்கார்ந்து முந்தானையை இறக்கிவிட்டு, சாவகாசமாக முகம் கழுவினாள். அந்தப் பக்கத்திலிருந்து அவளை யாராலும் பார்க்க முடியவில்லை. இந்தப் பக்கத்தில் இருந்தவன் அவள் வந்ததையே பார்க்கவில்லை.