பட்டன் டீச்சரும் மாடி வாத்தியாரும்

பேருந்து ஒரு குலுக்குக் குலுக்கி நின்றதுதான் தாமதம்... அவள் மடியிலிருந்த காகிதப் பை கிழிந்தது.

சிவப்பு, நீலம், மஞ்சள்... பட்டன்கள் பேருந்து முழுக்க உருண்டோடின. அந்த நேரம் பார்த்து ஏறியவன் ஒன்றின் மேல் கால் வைத்தான். வழுக்கியது. பொத்தென்று கண்டக்டர் மேலேயே போய் விழுந்தான்.

"ஏம்மா, பஸ்ஸுக்குள்ள தையல் கடை வச்சிருக்கியா?" கண்டக்டர் கத்தினார்.

"ஐயோ, சாரிங்க! யாரும் மிதிச்சிடாதீங்க... உடைஞ்சிடும்!"

விழுந்தவனுக்குச் சுர்ரென்று வந்தது. "விழுந்தது நான்... நீங்க பட்டனுக்காகக் கவலைப்படறீங்க?"

அவள் நிமிர்ந்தாள். மழையில் நனைந்து நெற்றியில் ஒட்டிய முடி... அதன் கீழே, சிரிப்பை அடக்கத் தெரியாத இரண்டு கண்கள். அவன் கோபம் போன இடம் தெரியவில்லை.

"அடி ஒண்ணும் படலையே? அப்ப கொஞ்சம் பொறுக்கித் தாங்களேன்... அதோ, உங்க ஷூ பக்கத்துல ஒரு பச்சை!"

பொறுக்கினான். இருக்கைக்கடியில் எல்லாம் தலையை விட்டுப் பொறுக்கினான். பிறகு அவள் பக்கத்திலேயே இடமும் கிடைத்தது.

"இத்தனை பட்டன் எதுக்குங்க?"

"ரெண்டாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு. நம்பரைக் கையில தொட்டுப் பார்த்தா பயம் போயிடும்ல?"

"ஓ... டீச்சரா?"

"ஏன், பார்த்தா தெரியலையா?"

"டீச்சர்னா முறைப்பாங்கன்னு நினைச்சேன்."

அவள் கலகலவென்று சிரித்தாள். ஜன்னல் கண்ணாடியில் மழை கோடு கோடாக வழிந்தது. முன்பின் தெரியாதவனிடம் எப்படி அத்தனையும் சொன்னாளோ...

"என் தம்பிக்குக் கணக்கு வராதுன்னு கடைசி பெஞ்சுல தள்ளிட்டாங்க. ஏன் வரலைன்னு ஒருத்தர்கூட அவனைக் கேக்கல. எட்டாவதோட நின்னுட்டான். இன்னைக்கும் நாலு பேர் முன்னாடி வாய் திறக்கக் கூசுவான். கேக்கற டீச்சரா இருக்கணும்னுதான் நான் இந்த வேலைக்கே வந்தேன்."

பட்டன்களைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டே அவள் தொடர்ந்தாள்.

"ஆனா எங்க பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல ஒரு மாடி டியூஷன் இருக்கு பாருங்க... அந்த வாத்தியார் கடிகாரத்தைக் கையில வச்சுக்கிட்டுத்தான் கேள்வியே கேப்பாராம். டக்குனு சொல்லலைன்னா நிக்கணுமாம். என் கிளாஸ்ல சிட்டுன்னு ஒரு வாயாடி. அங்கே சேர்ந்ததிலேருந்து பொண்ணு வாயே திறக்கறதில்லை. அந்த மனுஷன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்..."

அவன் முகம் வெளுத்தது. அந்த மாடி வாத்தியாரே அவன்தான்!

சொல்லிவிடலாமா? வாய்வரை வந்தது. ஆனால் அந்தக் கண்கள்... இறங்கும் வரைக்குமாவது இப்படியே சிரித்துக்கொண்டிருக்கட்டுமே!

அதற்குப் பிறகு அவள் தினமும் அந்தப் பேருந்துக்காகக் காத்திருந்தாள். அன்றைக்குப் பட்டன் வாங்கக் கடைக்குப் போனதால்தான் பேருந்து; மற்றபடி நடந்தே போகிற தூரத்தில் வீடு! 'எனக்கென்ன பைத்தியமா?' என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அவன் வரவில்லை.

ஒரு நாள் மாலை, பள்ளி விட்டதும் சிட்டு அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "டியூஷன் வேணாம் டீச்சர்... வயிறு வலிக்குது."

குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று மாடி ஏறினாள். கதவைத் தள்ளினாள். கையில் கடிகாரத்தோடு திரும்பியவன்... அன்றைக்குப் பட்டன் பொறுக்கித் தந்தவன்!

"நீங்களா?" குரல் உடைந்தது. "பஸ்ல அவ்வளவு பேசினேனே... நான்தான்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

பிள்ளைகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்க பள்ளிக்கூடத்துல ஒழுங்கா சொல்லிக்கொடுத்தா, இங்கே ஏன் வர்றாங்க? பட்டனை உருட்டினா மார்க் வருமா டீச்சர்?"

அவள் கண்கள் நிறைந்தன. சிட்டுவைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

அவன் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். கடிகாரத்தைத் தூக்கினான். முன்வரிசைப் பிள்ளைகள் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்... ஒரு பையன் வயிற்றை அமுக்கிக்கொண்டான். தினமும் பார்த்ததுதான். இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. கடிகாரத்தை மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடினான்.

மறுநாள் காலை, அவள் வகுப்பு வாசலில் வந்து நின்றான். "கடைசி பெஞ்சுல கொஞ்ச நேரம் உட்காரட்டுமா?"

"பேசக் கூடாது," என்றாள் முகத்தைப் பார்க்காமலே.

முழங்கால் மோவாயில் இடிக்க, குட்டி பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்தான். பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

"சிட்டு, எட்டும் அஞ்சும் எவ்வளவு?"

நீண்ட நேரம்... அவள் காத்திருந்தாள். "பன்னெண்டு," என்றது ஒரு மெல்லிய குரல்.

தப்பு, அடுத்த ஆள்! அவனாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பான்.

"அப்படியா? எப்படி எண்ணினே, காட்டு பாப்போம்."

சிட்டு எட்டுப் பட்டன்களை அடுக்கியது. எட்டாவதைத் தொட்டு "எட்டு" என்றது. பிறகு ஒவ்வொரு விரலாக மடக்கி, "எட்டு, ஒம்போது, பத்து, பதினொண்ணு..." என்றது. சட்டென்று நின்றது. "டீச்சர்! எட்டை ரெண்டு தடவை எண்ணிட்டேன்! பதிமூணு!" கூரை அதிரக் கத்தியது.

கடைசி பெஞ்சில் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

இடைவேளை மணி அடித்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. தாழ்வாரத்தில் இருவரும் தனியாக நின்றார்கள்.

"பெத்தவங்க மார்க்கு மார்க்குன்னு கேட்டாங்க. நானும் அதையே விரட்டிட்டேன். உங்களைப் பேசினது பெரிய தப்பு... மன்னிச்சிடுங்க."

"பஸ்ல ஏன் மறைச்சீங்க?"

"சொன்னா நீங்க என்னை அப்படிப் பார்க்க மாட்டீங்களேன்னு பயம்." தயங்கினான். "அன்னைக்கே உங்களைப் பிடிச்சுப்போச்சு டீச்சர். வேற யாருக்கும் நான் இருக்கைக்கடியில தலையை விட்டது கிடையாது. என்னைக் கல்யாணம் பண்ணிக்குவீங்களா?"

சாரல் அவள் கன்னத்தில் பட்டது. கன்னம் சுட்டது. புடவை நுனியை விரலில் சுற்றினாள்... பிரித்தாள்... சுற்றினாள்.

"எனக்கும்... பிடிச்சிருக்கு," என்றாள் தரையைப் பார்த்து.

"மழைச் சத்தத்துல கேக்கலை. இன்னொரு தடவை?"

"ஒண்ணையே பத்து தடவை சொல்ல வைக்கிற டியூஷன் புத்தி!"

என்றாலும் சொன்னாள். இந்த முறை, அவன் கண்களைப் பார்த்து.