ரெண்டாவது மெஷின் ஜன்னல்

"ஐயோ... அண்ணா!"

அலறிக்கொண்டே ஓடி வந்தாள் தங்கை.

லேத் மெஷின் முன்னால் அண்ணன் மல்லாந்து கிடந்தான். சுழன்ற இரும்புத் துண்டு பிடி நழுவித் தெறித்து, மெஷின் கதவிலிருந்த ஜன்னலை உடைத்து, நெற்றியில் பாய்ந்திருந்தது. தரையெல்லாம் சில்லுகள்.

ஒன்றை எடுத்துப் பார்த்தாள். பத்து வருஷமாகக் கண்ணாடிக் கடை நடத்துகிறவள். விசாரிக்க வந்திருந்த போலீஸ் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"இன்ஸ்பெக்டர் சார்! இது வெறும் கண்ணாடி!"

"வாய்க்கு வந்ததைப் பேசாதே!" முதலாளி சீறினார். "ரெண்டு மெஷினுக்கும் பாலிகார்பனேட்தான் போட்டிருக்கேன். முதல் தரம்! உங்கண்ணன் துண்டைச் சரியா இறுக்கல. அவன் தப்பு!"

இன்ஸ்பெக்டர் தாடையைச் சொறிந்தார்.

"பிளாஸ்டிக்கும் உடையும்தானேம்மா?"

"அந்தப் பிளாஸ்டிக் அடி வாங்கினா குழியும் சார், வளைஞ்சு குடுக்கும். கண்ணாடிதான் இப்படிச் சுக்குநூறா வெடிக்கும்!"

"சில்லையெல்லாம் இவளே கொண்டுவந்து போட்டிருப்பா சார்..."

செத்தவன் மேல் பழி. இப்போது அவள் மேலுமா?

ரத்தம் கொதித்தது. மேஜை மேலிருந்த சுத்தியலை எடுத்தாள். பக்கத்து மெஷினின் கதவை இழுத்து, தனக்கும் முதலாளிக்கும் நடுவில் நிறுத்தினாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவர் முகம்!

"முதல் தரமாச்சே... அசையாம நில்லுய்யா!"

"பைத்தியமா உனக்கு?"

"ஒண்ணு..."

முதலாளிக்கு வேர்த்துக் கொட்டியது. பின்னால் சுவர்.

"ரெண்டு..."

"வேண்டாம்! அடிக்காதே! அது கண்ணாடி! ரெண்டுமே கண்ணாடிதான்!"

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார்.

"மூணு!"

டங்...!

சுத்தியல் எகிறித் திரும்பியது. ஜன்னலில் சின்னதாய் ஒரு குழி. அவ்வளவுதான்!

முதலாளி மெல்லக் கண்ணைத் திறந்தார்.

"உ... உடையல?"

"உடையாது. போன வாரம் என் கடையிலேர்ந்து அண்ணன் வாங்கிட்டு வந்து மாட்டினது. ஒரு ஜன்னலுக்குத்தான் ஷீட் இருந்துச்சு. இந்த மெஷின்ல நிக்கற அக்காவுக்குக் கைக்குழந்தையாம்... அவங்களுக்கு முதல்ல மாட்டிட்டான். தனக்கு அடுத்த வாரம்னான்யா, பாவி!"

சுத்தியலைத் தரையில் வீசிவிட்டு, அண்ணன் காலடியில் உட்கார்ந்து கதறினாள்.

இன்ஸ்பெக்டரின் கை முதலாளியின் சட்டைக் காலரில் விழுந்தது.

"சார்... எ... எங்க கூட்டிட்டுப் போறீங்க?"

"கம்பி எண்ணத்தான். கவலைப்படாதய்யா... அங்க எல்லாமே அசல் இரும்பு!"